பங்கு விலை கணிக்கும் செயலியில் மூன்று மாதச் சம்பளம் போச்சு, நீங்களாவது உஷார்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பங்கு விலையைக் கணித்துச் சொல்கிறோம் என்று சந்தா வாங்கும் ஒரு செயலியில் என் மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. சந்தாவாகப் பாதி, "இப்போதே வாங்குங்கள்" என்று அவர்கள் சொன்ன பங்கில் மீதி.

அந்தச் செயலிக்காரர்கள் நடத்திய இலவச வகுப்பை எடுத்தவர் "தயவுசெய்து கடன் வாங்கிச் சேராதீர்கள்" என்றார். ஏமாற்றுகிறவன் இப்படியா பேசுவான்? லாபம் தரும் சந்தோஷத்தைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியதை அழகாக விளக்கி, அதனால்தான் விழுந்த பங்கை விற்க மனமில்லாமல் கட்டிக்கொண்டு அழுகிறோம், எங்கள் மென்பொருளுக்குப் பயமும் இல்லை ஆசையும் இல்லை என்றார். அங்கேதான் நம்பினேன். பணம் கட்டும் பக்கத்திலோ சிவப்பு எழுத்தில் பதினைந்து நிமிடம் குறைந்துகொண்டே வந்தது, "இன்னும் 4 இடங்களே". நேற்று அதே பக்கத்தைத் திறந்தால் மறுபடி பதினைந்து நிமிடம், அதே 4 இடம்! உணர்ச்சியே இல்லாத மென்பொருளாம், விற்பது மட்டும் நம் பயத்தைக் கிளப்பி.

பங்கு சரிந்ததும் கேட்டேன். "சந்தையின் மனநிலை மாறிவிட்டது, பொறுங்கள்". பொறுத்தால் இன்னும் சரிந்தது. அப்புறம் "உணர்ச்சிவசப்பட்டு விற்றிருப்பீர்கள் சார்". நான் விற்கவே இல்லையே என்று கணக்கு விவரத்தை அனுப்பினால் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது. அதோடு சரி. மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு கும்பிடு.

சந்தையின் மனநிலை மாறும் என்பது பணம் வாங்கும்போது தெரியாதா? 1998-இல் ரஷ்யா கடனைக் கட்ட முடியாது என்றதும் உலகமே பயந்து பாதுகாப்பான பத்திரங்களுக்கு ஓட, நோபல் பரிசு பெற்ற இருவர் பங்குதாரர்களாக இருந்த அமெரிக்க நிதியமே கவிழ்ந்தது, 14 நிதி நிறுவனங்கள் பணம் போட்டுத் தூக்கின. வகுப்பில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியாது. கடிகாரம் ஓடும் பக்கத்தில் பணம் கட்டாதீர்கள். தவறிப்போன கணிப்புகளின் பட்டியலைக் கேளுங்கள், தரமாட்டார்கள். மீதி அப்புறம், அவர்களுடைய சந்தாதாரர் குழுவிலிருந்து என்னை நீக்குவதற்குள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும்.