காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல்: 1922-க்குப் பிந்தைய காங்கிரஸ் பிளவை வாசிக்க உதவுமா?

சபர்மதி ஆசிரம அறக்கட்டளை 2013 முதல் நடத்திவரும் இந்த இணையதளத்தில் காந்தியின் எழுத்துகள் ஆங்கிலத்தில் 100, இந்தியில் 97, குஜராத்தியில் 82 தொகுதிகளாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒத்துழையாமை இயக்கம் நின்றபின் காங்கிரசுக்குள் எழுந்த பூசலை அறிய விரும்பும் ஒருவருக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சௌரி சௌரா வன்முறைக்குப் பின் 1922 பிப்ரவரியில் இயக்கம் நிறுத்தப்பட்டது; மார்ச்சில் காந்திக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டசபைகளுக்குள் நுழைந்து உள்ளிருந்தே அரசை முடக்க வேண்டும் என்றார்கள் சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும். புறக்கணிப்பைக் கைவிடாமல், கதரும் தீண்டாமை ஒழிப்புமாகிய நிர்மாணப் பணிகளால் மக்களை அடுத்த போராட்டத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்று வாதாடினார் ராஜாஜி. அவ்வாண்டு டிசம்பரில் கயா மாநாட்டுக்குத் தலைமை வகித்த தாஸின் தரப்பே அங்கு தோற்றது; அவர் பதவி விலகி, மோதிலாலுடன் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார்.

இந்த இடத்தில்தான் வாசகர் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமாகச் சில மாதங்களின் எழுத்தே ஒரு தொகுதியை நிரப்பிவிட, 23-ஆம் தொகுதி மட்டும் 1922 மார்ச் முதல் 1924 மே வரை நீள்கிறது. விவாதம் உச்சத்தில் இருந்த காலத்தின் பெரும்பகுதி காந்திக்குச் சிறையில் கழிந்ததே காரணம். தொகுதிகளை மட்டும் நம்புவோருக்குக் கயா ஏறக்குறைய நிகழாததாகவே தோன்றும். ஆனால் இதே தளத்தில் 'யங் இந்தியா' இதழ்களும் உள்ளன. காந்தி சிறையிலிருந்தபோது அதன் ஆசிரியப் பொறுப்பை ராஜாஜியும் ஏற்றிருந்ததால், சட்டசபை நுழைவை எதிர்த்தவர்களின் வாதத்தை அந்தந்த வாரத்தின் சூட்டோடு வாசிக்க முடிகிறது. இத்தளத்தின் ஆகப் பெரிய கொடை இதுவே என்பது என் துணிபு.

அடுத்து 24-ஆம் தொகுதிக்குச் செல்லலாம். விடுதலைக்குப் பின் ஜூஹுவில் தாஸோடும் மோதிலாலோடும் பேசிய காந்தி, சட்டசபைகளைப் புறக்கணிக்க வேண்டும் என்ற தம் கருத்து மாறவில்லை என்பதை 1924 மே மாதத்தில் வெளிப்படையாக அறிவித்தார்; ஆயினும் காங்கிரசின் டெல்லிச் சிறப்பு மாநாடு அனுமதித்துவிட்ட சட்டசபை நுழைவுப் பாதையில் அவர்களுக்கு இடையூறு செய்யலாகாது என்றும் எழுதினார். அந்த நவம்பரில் மூவரும் கல்கத்தாவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். இந்த மாதங்களின் பக்கங்களை அவசரமின்றி, வரிசை குலையாமல் வாசிக்க வேண்டுகிறேன்.

இவ்வளவு பெரிய சேகரம் இலவசமாகக் கிடைப்பதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எனினும் இது காந்தியை மையமாகக் கொண்ட சேகரம். தாஸின் வாதத்தை அவருடைய சொற்களிலேயே அறிய, அவர் 1923-இல் தொடங்கிய 'ஃபார்வர்ட்' நாளிதழையும் கயா தலைமையுரையையும் தேடிப் படிப்பது அவசியம்.