மூடப்போகும் விளையாட்டுக்கு நாணயம் விற்றார்கள்

சர்வர், அதாவது நிறுவனம் இணையம் வழியாக நடத்தும் கணினி, இருந்தால் மட்டுமே ஓடும் வீடியோ விளையாட்டுகளுக்குப் பணம் கட்டுகிறவர்களும், பிள்ளைகள் கேட்டார்கள் என்று கட்டிக்கொடுக்கிற பெற்றோரும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. போன பணத்தைக்கூட மறந்துவிடுவேன். அதை வாங்கிக்கொண்ட விதம்தான் மனதில் ஆறவே இல்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் 3,999 ரூபாய்க்கு டிஸ்க் வாங்கினேன். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் விளையாட்டு. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பியும் அதையே காசு கொடுத்துப் பதிவிறக்கிக்கொண்டான். சனிக்கிழமை இரவு எனக்குப் பதினொரு மணி, அவனுக்கு ஒன்பதரை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் பாதி, வீட்டுப் பேச்சு பாதி. அம்மாவின் மூட்டுவலி, அவனுடைய விசா, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் செலவு எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே அந்த விளையாட்டின்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

உள்ளே ஒரு கடை உண்டு. அங்கே எதற்கும் ரூபாயில் விலை கிடையாது. ரூபாயைக் கொடுத்து அவர்களுடைய நாணயத்தை வாங்கி, அந்த நாணயத்தைக் கொடுத்துப் பொருளை வாங்க வேண்டும். ஒரு கவசத்தின் விலை 1,200 நாணயம். நாணயமோ 1,000, 2,500 என்ற கட்டுகளாக மட்டுமே கிடைக்கும். ஒரே ஒரு கவசம் போதும் என்பவர் 1,000 கட்டு இரண்டு வாங்கியாக வேண்டும், 800 மிஞ்சும். மிஞ்சியதை விட மனம் வராமல் அடுத்த கட்டை வாங்குவார். யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு இது. இப்படியே என்னிடமிருந்து மூன்றாண்டில் 6,450 ரூபாய் போயிருக்கிறது.

கடைசித் தீபாவளிக்குச் சலுகை அறிவித்தார்கள். 2,500 நாணயம் வாங்கினால் 1,000 இலவசம். பக்கத்தில், நேரம் குறைந்துகொண்டே போகும் ஒரு கடிகாரம். வாங்கினேன். 19 நாள் கழித்து ஓர் அறிவிப்பு வந்தது: இன்னும் 90 நாளில் சர்வர் நிறுத்தப்படும், நாணய விற்பனை இன்றோடு முடிகிறது, கையிருப்பை அதற்குள் செலவழித்துக்கொள்ளுங்கள், பணம் திருப்பித் தரப்படாது. இத்தனை பெரிய நிறுவனம் சர்வரை மூடும் முடிவை 19 நாளுக்குள் எடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மூடப்போவது தெரிந்தேதான் தீபாவளிக்குக் கடை விரித்தார்கள் என்பதே என் எண்ணம்.

நண்பர்களோடு ஆடும் பகுதி போனாலும், தனியாக ஆடும் கதைப்பகுதியாவது மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். அதற்கும் சர்வர் வேண்டுமாம். டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. போட்டால் தலைப்புப் படம் வருகிறது, இசை வருகிறது, அதன்பின் ‘இணைய முடியவில்லை’ என்ற வரியோடு நின்றுவிடுகிறது.

வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன். முதல் பதில் இயந்திரம் அனுப்பியது. இரண்டாவதில் ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை எடுத்து ஒட்டியிருந்தார்கள்: நான் வாங்கியது விளையாட்டை அல்ல, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க பயன்பாட்டு உரிமத்தை. மூன்றாவது கடிதத்துக்கு, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. அந்த வாரம் காந்திபுரம் கடைக்குப் போனபோது அதே டிஸ்க் 1,499 ரூபாய் என்று அடுக்கில் நின்றது. “அண்ணா, இது இன்னும் இரண்டு மாதத்தில் ஓடாது” என்றேன். கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. “எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, தம்பி” என்று சொல்லிவிட்டு, ஐந்து டிஸ்க்கையும் என் கண்முன்னேயே எடுத்து உள்ளே வைத்தார். நிறுவனத்திடம் இல்லாத மனசாட்சி அந்த மனிதரிடம் இருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் விற்பனை 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, 2024 மார்ச் 31 அன்று சர்வரும் மூடப்பட்டது. தனியாக ஓட்டும் பகுதியும் அதோடு போயிற்று. காசு கொடுத்து வாங்கியவர்களின் உரிமமும் அடுத்த மாதம் ரத்தானது. அதே ஆண்டு ஜனவரியில்தான், சந்தா முறை வளர வேண்டுமானால் விளையாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு ஆடுபவர்கள் பழக வேண்டியிருக்கும் என்று அந்த நிறுவனத்தின் சந்தாப் பிரிவு அதிகாரி ஒருவர் பேட்டியளித்திருந்தார். இந்த மூடலுக்குப் பின் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் மனுவுக்கு, 2025 ஜூலையில் ஐரோப்பியக் குடிமக்களின் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. அவர்கள் கேட்பது நியாயமான ஒன்று: சர்வரை என்றென்றும் நடத்தச் சொல்லவில்லை, மூடும்போது ஏதாவது ஒரு வகையில் ஓடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ‘தி க்ரூ’வின் அடுத்த பாகங்களுக்கு இணையமின்றி ஆடும் வசதி தருவதாக யூபிசாஃப்ட்டே 2024 செப்டம்பரில் அறிவித்தது. நினைத்தால் செய்ய முடிகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. திரும்பப் பெறத்தக்க உரிமத்தை மட்டும் விற்றுக்கொண்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. நம் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டுள்ளன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றில் ஒன்று. அந்தத் தீபாவளிக் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அட்டைப்பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் ‘இணைய இணைப்பு கட்டாயம்’ என்று இருந்தால், அதை வாடகைப் பொருளாகவே எண்ணி விலையைப் பாருங்கள். தனியாக ஆடவும் இணையம் வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே காசைக் கொடுங்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். ஜிஓஜி என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் வாங்கும் விளையாட்டுகளின் நிறுவல் கோப்பையே இறக்கி உங்கள் வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். நாணயத்தை இருப்பு வைக்காதீர்கள். பிள்ளைகள் ஆடும் கன்சோலில் (டிவியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டியில்) கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே வைக்காதீர்கள்.

வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறலாமே என்று தம்பி சொன்னான். அதைச் செய்யும் முன் யோசியுங்கள். ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022இல் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று, அனுமதியில்லாமல் பிடித்த பணத்தை வங்கி மூலம் ஆட்சேபித்தவர்களின் கணக்கையே முடக்கியது. எபிக் 24.5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. என் விளையாட்டுக் கணக்கிலும் இன்னும் ஏழு விளையாட்டுகள் இருப்பதால் நான் துணியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். எந்தத் தேதியில் எத்தனை நாணயம் வாங்கினேன் என்பதற்குச் சான்று வேண்டும். வங்கிக் கணக்கில் தொகை இருக்கிறது. எதற்குக் கட்டினேன் என்ற விவரம் இல்லை. அந்தப் பட்டியலும், மிச்சமிருந்த 3,100 நாணயத்தின் கணக்கும் விளையாட்டுக்குள் இருந்தன. 90 நாள் இருந்தும் அதைப் படமெடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. உங்கள் விளையாட்டு இன்று ஓடிக்கொண்டிருந்தால், இன்றிரவே உள்ளே போய் வாங்கிய பட்டியலையும் நாணய இருப்பையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.