ஸ்டோர் அறைச் செடி அலமாரிக்கு 12 வோல்ட் காற்றாடி: 18 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடு, சன்னல் இல்லாத ஸ்டோர் அறை. அங்கே 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 160 செ.மீ. உயரத்தில் ஓர் அலமாரி. உள்ளே 60 வாட் எல்.இ.டி. விளக்கு, சாலட் கீரை, புதினா, துளசி, கறிவேப்பிலை நாற்றுகள். காற்றை வெளியேற்ற 120 மி.மீ. கணினிக் காற்றாடி ஒன்று, உள்ளே காற்றை அசைக்கச் சிறிய கிளிப் காற்றாடி ஒன்று. அடாப்டர், கொசுவலை, ஈரப்பதமானி எல்லாம் சேர்த்து 80 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கிவிட்டது. கணினிக் காற்றாடி இழுப்பது 2 வாட் அளவுதான். மாதம் முழுக்க ஓடினாலும் ஒன்றரை யூனிட்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஏற்பாடு அலமாரியைக் குளிர வைக்காது. வெளியேற்றும் காற்றாடி அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறை 31 டிகிரி என்றால் அலமாரி அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. விளக்கு தின்னும் 60 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. காற்றாடியின் பெட்டியில் 50 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 50 கன அடிக் காற்று) என்று போட்டிருந்தாலும், நுழைவுத் துளைகளையும் அவற்றை மூடிய கொசுவலையையும் தாண்டி வருவது பாதியைக் கொஞ்சம் கூட்டித்தான் இருக்கும். அந்தக் காற்றோட்டத்துக்கு அலமாரி அறையைவிட 3 முதல் 4 டிகிரி கூடுதலாக நிற்கும். பகலில் விளக்கு எரிந்தால் அலமாரி 34, 35 டிகிரியைத் தொடும். சாலட் கீரை அதில் கசந்து, தண்டு நீண்டு பூக்கப் போய்விடும்.

அதனால் விளக்கை இரவுக்கு மாற்றுங்கள். மாலை 7 மணிக்குப் போட்டு காலை 9 மணிக்கு அணைக்கும்படி டைமரை வைத்தால் 14 மணி நேரம் கிடைக்கும். கூடுதலாக ஒரு காசு செலவில்லாமல் மிகப் பெரிய பலன் தந்த மாற்றம் இதுதான். வெப்பத்துக்கு மட்டுமன்று, ஈரத்துக்கும் இது உதவுகிறது. நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரமுள்ள காற்று 3 டிகிரி சூடேறினால் 72 விழுக்காட்டுக்கு இறங்கும். செடி விடும் ஈரம் அதைச் சற்று ஏற்றினாலும், இலை நனைந்து கிடக்கும் நிலை வராது.

வெளியேற்றும் காற்றாடியை மேலே, பக்கச் சுவரில் செங்குத்தாகப் பொருத்துங்கள். கூரையில் படுக்க வைத்தால் மலிவான ஸ்லீவ் பேரிங் சீக்கிரம் தேய்ந்து உறுமத் தொடங்கும்; அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால் பால் பேரிங் வாங்குங்கள். காற்று நுழையும் துளைகள் எதிர்ப் பக்கம், தரையை ஒட்டி இருக்கட்டும். பலரும் தவறுவது இந்தத் துளைகளில்தான். 120 மி.மீ. காற்றாடியின் வாய் ஏறக்குறைய 113 சதுர செ.மீ.; நுழைவழிக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு, அதாவது 225 முதல் 340 சதுர செ.மீ. வேண்டும். கணினிக் காற்றாடிக்கு இழுவிசை குறைவு. துளை சிறுத்தாலோ, வளைந்த நீளக் குழாயை மாட்டினாலோ அது சுற்றும், காற்று நகராது. ஒரு டிஷ்யூ தாளைத் துளையருகே பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுபட வேண்டும்.

புடு வட்டாரத்து ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் காற்றாடியும் அடாப்டரும் கிடைக்கும். பழைய ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரே போதும். புதிதாக வாங்கினால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பாருங்கள். சிவப்பு நேர்முனை, கறுப்பு எதிர்முனை. வேகத்தைக் கணினிக்குச் சொல்லும் மஞ்சள் கம்பியை டேப் சுற்றி விட்டுவிடலாம். இரைச்சல் தொல்லை என்றால் 9 வோல்ட் அடாப்டர் மாட்டுங்கள். 5 வோல்ட்டில் சில காற்றாடிகள் கிளம்பவே மாட்டா. இணைப்புகளைத் தொட்டிகளுக்கு மேலே கட்டி வையுங்கள். நீர் தெளித்தால் செப்புக் கம்பி பச்சை பிடிக்கும்.

கிளிப் காற்றாடியைச் சிலர் வேண்டாத செலவு என்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள். பகலில் விளக்கு அணைந்திருக்கும்போது இலைகளுக்கிடையே காற்றை அசைப்பது அது மட்டுமே. அசையாத இடத்தில் நாற்றுகள் தண்டடியில் அழுகிச் சாயும். சாலட் கீரையின் உள்ளிலை நுனி கருகுவதும் பெரும்பாலும் உரக் குறையால் அன்று: காற்று நின்றால் இளம் இலை நீரை ஆவியாக்காது, நீரோடு வர வேண்டிய கால்சியமும் வந்து சேராது. காற்றைச் செடியின் மேல் நேராக அடிக்காமல் சுவர் பக்கம் திருப்புங்கள். இலை இலேசாக ஆடினால் போதும்.

அலமாரியை ஏர்கோன் அறைக்கு மாற்ற நினைப்பவர்கள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கக் கூடாது. நம் வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 24 டிகிரியை ஒட்டியது; 22 டிகிரிச் சுவரில் பட்டதும் நீராகி வழியும், ஒரு வாரத்தில் பூஞ்சை. ஏர்கோன் காற்றையே உள்ளே விட்டு, வெளியேறுவதை அறைக்குள்ளேயே விடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலும் வீட்டுச் சன்னல்களைச் சாத்திவிட்டு அறைக் காற்றையே சுற்ற விடலாம்.

பராமரிப்பு கொசுவலையில்தான் தொடங்குகிறது. ஸ்டோர் அறைத் தூசியில் மூன்று நான்கு வாரத்திலேயே கண்கள் அடைபட்டு, வெப்பக் கூடுதல் 6 டிகிரி வரை ஏறிவிடும். காற்றாடி பழுது என்று எண்ணி மாற்றத் தேவையில்லை. வலையை வெல்க்ரோவில் ஒட்டினால் கழற்றிக் கழுவ இரண்டு நிமிடம். காற்றாடி இதழ்களை மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். முதல் ஸ்லீவ் பேரிங் காற்றாடி 11ஆம் மாதம் கரகரத்தது. அதன் இடத்தில் பால் பேரிங் காற்றாடி 25 வெள்ளிக்கு வந்தது, இன்றுவரை சத்தமில்லை. தொட்டித் தட்டுகளில் நீர் தேங்க விடாதீர்கள். அலமாரிக்குள்ளேயே டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் வலையால் என்ன பயன்?