ஈரச் சுவரில் பெயின்ட் அடிக்க விடாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. சேற்றை அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி முடித்த நேரத்தில் வந்தார் ஓர் ஒப்பந்தக்காரர். "ஹீட்டர் வச்சு ரெண்டே நாள்ல காய வச்சு, வாட்டர்ப்ரூஃப் அடிச்சுத் தர்றேன் சார். பொங்கலுக்கு வீடு புதுசாயிடும்" என்றார். அக்கா வீட்டில் விட்டிருந்த அம்மாவைச் சீக்கிரம் அழைத்து வரவேண்டும் என்ற அவசரம் எனக்கு. பேசிய 85 ஆயிரத்தில் 60 ஆயிரத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன்.

சொன்னபடியே பட்டி, பிரைமர், வாட்டர்ப்ரூஃப், எமல்ஷன் எல்லாம் அடித்தார். பொங்கலுக்கு வீடு பளபளத்தது. மாசி பிறந்ததும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. உப்பு பூத்து உதிர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. ஒப்பந்தக்காரரைக் கேட்டால் "உங்க வீட்டுச் செங்கல் சரியில்லை" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

தெரிந்த கொத்தனார் ஒருவர் வந்து ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளே இன்னும் ஈரச்சேறு! மின்சாரம் ஓடும் இடத்தில்! அவர் சொல்லித்தான் புரிந்தது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் தண்ணீரை இழுத்து, வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஓதம் ஏறியிருக்கும். ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை காய வாரங்கள் போதாது, மாதக்கணக்கில் ஆகலாம். ஹீட்டர் காய வைத்தது மேல்தோலைத்தான். உள்ளிருக்கும் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு வெளியே வரும்போது வாட்டர்ப்ரூஃப் பூச்சு வழியை அடைத்தால், அதைத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள்: ஓரடிக்கு ஓரடி கனமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்துக் கட்டினால் சுவர் காயவில்லை. இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள், அடிப்பகுதியில் கட்டாயம் பாருங்கள். இதற்குப் பொறுக்காத ஆளுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். எலக்ட்ரீஷியன் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள்.

வெள்ளக் கோட்டுக்கு மேல் ஓரடிவரை பூச்சைக் கொத்தி எடுத்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருக்கிறோம். சித்திரை வெயிலில் செங்கல் காய்ந்துகொண்டிருக்கிறது. அம்மா மறுபடியும் அக்கா வீட்டில்தான் இருக்கிறார்.