சமாரியா மலையிடுக்கு: ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கிரேக்கத்தின் கிரீட் தீவில் இருக்கும் சமாரியா மலையிடுக்கை ஒரே நாளில் நடந்து கடக்கத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹானியா ஊரில் இந்தப் பயணத்தை விற்கும் கடைகள் நிறைய உண்டு, எல்லாரையும் குறை சொல்லவில்லை. எங்களிடம் பணம் வாங்கியவர் செய்ததைச் சொல்கிறேன்.

"எல்லாச் செலவும் இதிலேயே அடக்கம், வழிகாட்டி கடைசி வரை கூடவே வருவார்" என்று சொல்லித்தான் வாங்கினார். காலை 6 மணிக்கு வர வேண்டிய வண்டி ஏழேகாலுக்கு வந்தது. அப்புறம் ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றி, மலைப்பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தி (கமிஷனுக்காகத்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்), ஒமாலோஸ் என்ற மலைக் கிராமம் தாண்டி க்ஸிலோஸ்கலோ நுழைவாயிலில் இறக்கிவிடும்போது மணி பத்தரை.

அங்கே தாமதமானால் என்ன ஆகும் தெரியுமா? நுழைவாயில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரக் கிராமமான அயியா ரூமெலி வரை மொத்தம் 16 கிலோமீட்டர், நன்றாக நடக்கிறவர்களுக்கே ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். அந்தக் கிராமத்துக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது, மாலைப் படகை விட்டால் ராத்திரி அங்கேதான். முடியவில்லை என்று பாதியில் திரும்பினால் இறங்கியதை எல்லாம் ஏற வேண்டும். காலையில் அவர்கள் வீணாக்கிய ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நம் முட்டிதான் பதில் சொல்ல வேண்டும்.

வாசலில் வந்ததும் "நுழைவுச் சீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் வழிகாட்டி. அதற்கு முன்பே வண்டியில், உள்ளே தண்ணீர் கிடைக்காது என்று பயமுறுத்தி பாட்டில் தண்ணீரை நல்ல விலைக்கு விற்றிருந்தார். உள்ளே போனால் வழியில் பல இடங்களில் ஊற்று நீர் குழாயில் கொட்டுகிறது, எல்லாரும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போகிறார்கள்! "நான் கடைசி ஆளோடு வருவேன்" என்று சொன்ன அந்த மனிதரை அப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை.

கடைசி ஆள் என் அக்காதான். முதல் சில கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம், கல்லும் மண்ணுமாகப் படிகள், காலடியில் சரளை உருளும். அக்கா மரக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரு பூங்காக் காவலர்தான் பார்த்துவிட்டு வந்து முட்டியில் கட்டுப் போட்டு, ஆளில்லாத பழைய சமாரியா கிராமம் வரை எங்களோடு நடந்தார். 1962இல் தேசியப் பூங்கா ஆனபோது அங்கிருந்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நடக்கவே முடியாதவர்களை ஏற்றிப்போகக் கோவேறு கழுதை உண்டு என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டு பக்கமும் ஏறத்தாழ 300 மீட்டர் பாறைச் சுவர், நடுவே நாலு மீட்டர்கூட இல்லாத வழி. 'வாயில்கள்' என்று அழைக்கப்படும் அந்த இடத்துக்காகத்தான் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் அதை அண்ணாந்து பார்க்கக்கூட நேரமில்லாமல் கடந்தோம். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

வெளிவாயிலில் இருந்து மினி பஸ் பிடித்து ஒருவழியாகப் படகுத்துறைக்கு வந்தால், படகுச் சீட்டும் நம் கைக்காசுதான். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. படகுகள் மேற்கே சூயாவுக்கும் போகும், கிழக்கே ஸ்ஃபாக்கியாவுக்கும் போகும். எங்கள் ரசீதில் சூயா என்று இருந்தது, எங்களைத் திரும்பக் கூட்டிப்போகும் வண்டி நின்றதோ ஸ்ஃபாக்கியாவில். வரிசையில் நின்ற வேறு குழுவின் வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் வண்டியில் வந்த இரண்டு பேர் அதற்குள் சூயா படகில் ஏறிவிட்டார்கள்.

மறுநாள் ஏஜென்டிடம் போய்க் கேட்டால், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் கிரேக்க மொழியில் இருந்ததைக் காட்டி ஒரு காசு தர மாட்டேன் என்றுவிட்டார்.

ஹானியாவில் இருந்து காலையில் ஒமாலோஸ் போகும் கேடெல் (கிரேக்கத்தின் வெளியூர்ப் பேருந்துச் சேவை) பேருந்து இருக்கிறது, மாலையில் படகு வரும் நேரத்துக்கு ஏற்றபடி திரும்பும் பேருந்தும் உண்டு. அதில் போவதே நல்லது. ஏஜென்ட்தான் வேண்டும் என்றால் நுழைவுச் சீட்டு, படகுச் சீட்டு, வண்டி நிற்கும் துறை மூன்றையும் எழுதி வாங்குங்கள். பூங்கா மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், அதிலும் மழையோ கடும் வெயிலோ என்றால் மூடிவிடுவார்கள். அப்படி மூடினால் பணம் முழுசாகத் திரும்புமா, இல்லை வேறு எங்காவது கூட்டிப்போய்க் கணக்கை முடித்துவிடுவார்களா என்பதையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.