எண்ணெயை நிறுத்துவதா, என்சைம் மாத்திரையா?

கணையத்தில் கல் என்று தம்பிக்குச் சொன்ன அன்றே எங்கள் வீட்டு நல்லெண்ணெய் பாட்டில் பரணுக்குப் போய்விட்டது. தாளிக்காத ரசம், அவித்த காய், வெறும் இட்லி. பலன் தெரிந்தது என்னவோ உண்மை. கழிப்பறைத் தண்ணீரில் மிதந்த எண்ணெய்ப் படலம் காணாமல் போனது, வயிற்றுப்போக்கும் அடங்கியது. ஆனால் ஆறே மாதத்தில் அவன் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டோம். சாயங்காலம் மாடிப்படியில் தடுமாற ஆரம்பித்தான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கொழுப்பை உடைப்பது கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற என்சைம், அதாவது செரிமானப் பொருள். கணையம் பழுதாகி அது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போகின்றன. எண்ணெயை நிறுத்தினால் மலம்தான் சரியாகும். உடம்புக்கு வர வேண்டிய கலோரியும் வைட்டமினும் வராது. இருட்டில் கண் மங்குவது ஏ குறைவதால், எலும்பு தேய்வது டி குறைவதால்.

என்சைம் மாத்திரை அந்த லைபேஸையே வெளியிலிருந்து தருகிறது. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட், நொறுக்குத் தீனிக்கு அதில் பாதி என்று தொடங்குவது வழக்கம்; மருத்துவர் அதைக் கூட்டுவார். நாங்கள் செய்த தப்பு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்தது. அது சோற்றோடு கலந்தே குடலுக்குப் போக வேண்டும். முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. மெல்லக் கூடாது. விலைதான் கையைக் கடிக்கும். பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதால் மனம் ஒப்பாதவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வைட்டமின் மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்பார்கள். என்சைம் இல்லாமல் அதுவும் சரியாக உடம்பில் சேராது. தேங்காய் எண்ணெய் யோசனையும் வரும். லைபேஸ் அதிகம் இல்லாமலே உடம்பில் சேரும் கொழுப்பை எம்சிடி எண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள்; அது வேறு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வேறு.

என்னைக் கேட்டால் மாத்திரைதான், எண்ணெயையும் நிறுத்தாமல். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இரத்தச் சர்க்கரை அளவைக் கவனிக்க வேண்டும். சாப்பாடு உடம்பில் ஒட்டத் தொடங்கினால் அதுவும் ஏறலாம்.

போன வாரம் பொங்கலுக்கு நெய் கேட்டான் தம்பி. தட்டோரம் மாத்திரை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றினேன்.