கை பம்ப்பா, கரண்ட் பம்ப்பா? கழுவிக் கழுவி எடுத்த முடிவு

வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதே, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தாய்ப்பால் எடுக்கிற மின்பம்ப் ஒன்றை வாங்கி வைத்துவிட்டேன். ஐந்து வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். இப்போது இரண்டரை மாதமாகக் கையால் அழுத்துகிற சாதாரண பம்ப்தான் என் கைப்பையில் இருக்கிறது. "அவ்வளவு காசு போட்டு வாங்கினாயே" என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வது போலத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கணக்கு, 26 வார விடுப்பு முடிந்து, குழந்தைக்குக் கூழ், மசித்த சாதம் எல்லாம் தொடங்கிய பிறகு, அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இரண்டே முறை பால் எடுக்கிறவளின் கணக்கு. குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலோ, குழந்தை மார்பில் குடிக்காமல் முழுக்க எடுத்த பாலிலேயே வளர்ந்தாலோ, இரட்டை மின்பம்ப் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை கையால் அழுத்துவது லேசான வேலையில்லை. அங்கே விவாதமே இல்லை.

விலையில் கை பம்ப் எங்கேயோ கீழே. சத்தமும் கிட்டத்தட்ட இல்லை, மின்பம்ப்தான் கதவுக்கு வெளியே வரை 'கிர்ர் கிர்ர்' என்று கேட்கும். கரண்ட் போவது ஒரு பிரச்சினையே இல்லை, இப்போது நிறைய மாடல்களில் பேட்டரி இருக்கிறது. பால் அளவில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மின்பம்ப்பில் சில நாள் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

உள்ளாடைக்குள்ளேயே வைத்துக்கொள்கிற குட்டி பம்ப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அதை நான் கடையில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. பக்கத்து டீமில் ஒருத்தி வைத்திருக்கிறாள், மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே எடுத்துவிடுகிறாள், பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் குனிந்தால் சிந்துகிறது, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்க முடியவில்லை என்று அவளே சொல்வாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் இல்லை.

சரி, இனி என் மனதை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். கழுவுவது.

வாங்கும்போது எல்லாரும் உறிஞ்சும் வேகத்தைத்தான் பார்க்கிறோம், எத்தனை துண்டைக் கழுவ வேண்டும் என்று யாரும் எண்ணுவதில்லை. என் மின்பம்ப்பில் ஒரு பக்கத்துக்கு மார்பில் வைக்கும் புனல், இணைப்பான், வால்வு, பால் டியூபுக்குள் ஏறாமல் தடுக்கிற மெல்லிய சவ்வு, அதன் மூடி, பாட்டில் என்று ஆறு. இரண்டு பக்கமும் சேர்ந்து பன்னிரண்டு. ஒரு நாளைக்கு இரண்டு முறை என்றால் இருபத்து நான்கு துண்டுகள். எங்கள் அலுவலகத்தில் பால் எடுக்க ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் உள்ளே குழாய் இல்லை. இதையெல்லாம் ஏந்திக்கொண்டு, எல்லாரும் டிபன் பாக்ஸ் கழுவுகிற பேன்ட்ரி தொட்டிக்குப் போக வேண்டும். அந்தத் தொட்டியில் நேராகப் போட்டும் கழுவக்கூடாது, முந்தின ஆள் கொட்டின சாம்பாரில் இருக்கிற கிருமியெல்லாம் அங்கேதான் இருக்கும். இதற்கென்றே ஒரு சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசி, சுத்தமான துணியின் மேல் காற்றில் காய வைக்க வேண்டும். அந்தத் துணியால் துடைக்கவும் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நானும் நினைத்தேன். 2016-ல் அமெரிக்காவில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு க்ரோனோபேக்டர் என்ற கிருமித் தொற்று வந்தது. பம்ப் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, தேய்க்காமல் வெறுமனே அலசிப் பயன்படுத்தியிருக்கிறார்கள், கிருமி அந்தப் பம்ப்பிலும் இருந்தது, எடுத்த பாலிலும் இருந்தது. அதன் பிறகுதான் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசி, பம்ப் கழுவுவதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. நான் செய்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான்: காலையில் எடுத்ததும் நேரமில்லை என்று டப்பாவில் ஊறப் போட்டுவிட்டு மீட்டிங்குக்கு ஓடுவது. பன்னிரண்டு துண்டு இருந்தால் மனசு குறுக்கு வழி தேடாமல் என்ன செய்யும்? கழுவாமல் கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த முறை அப்படியே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. குளிரில் கிருமி மெதுவாக வளரும், ஆனால் வளராமல் இருக்காது.

கை பம்ப்பில் எனக்கு மொத்தம் ஆறு துண்டு. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போக வேண்டும் என்பதால் எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆகிறது, கழுவ நாலு நிமிடம். மின்பம்ப்பில் எடுக்கப் பதினைந்து, கழுவப் பன்னிரண்டு. கூட்டிப் பாருங்கள், எல்லாரும் புகழ்கிற அந்த மிச்ச நேரம் தொட்டிக்கடியில் போய்விடுகிறது. இன்னொரு செட் உதிரி வாங்கி வைத்து, இரண்டையும் இரவில் வீட்டில் கழுவலாமே என்றால், கழுவலாம், கட்டுப்படியானால். எனக்கு அதற்கு மேல் செலவு செய்ய மனமில்லை.

கை பம்ப்பின் குறையையும் சொல்ல வேண்டும். கட்டைவிரல் வலி. குழந்தையைத் தூக்கித் தூக்கி ஏற்கெனவே மணிக்கட்டு நொந்துபோயிருக்கும், அதில் இது வேறு. நான் வலது, இடது என்று கையை மாற்றிக்கொள்கிறேன், ஏற்கெனவே கை வலி இருந்தால் வாங்காதீர்கள். அப்புறம், எந்தப் பம்ப்பானாலும் புனல் அளவு பொருந்த வேண்டும். பெட்டியோடு வருவது எல்லாருக்கும் பொருந்தாது. எடுக்கும்போது வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் அளவை மாற்றுங்கள்.

எடுத்த பால் எதில் எடுத்தாலும் ஒன்றுதான். வெளியே 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீஸரில் 6 மாதம் வரை நல்லது. நம் ஊர் வெயிலில் 25 டிகிரி என்பது ஏசி அறைக்குள் மட்டும்தான், அதனால் எடுத்த கையோடு ஃப்ரிட்ஜ், அதுவும் கதவில் இல்லை, உள்ளே பின்பக்கம். மூன்று மணிக்கு எடுத்ததைப் பதினொரு மணிப் பாலோடு சேர்க்க வேண்டுமானால், அதையும் குளிரவைத்த பிறகே சேர்க்கிறேன். பால் ஊற்றி வைக்கிற பைகள் இடம் அடைக்காது, ஆனால் ஒருமுறை கிண்டியில் ரயில் ஏறிய நெரிசலில் ஒரு பை நசுங்கி மொத்தப் பாலும் போனது, அன்று அழுதேவிட்டேன். அதன் பிறகு மூடி இறுக்கமான பாட்டில்தான். ஃப்ரீஸரில் வைப்பதற்கு மட்டும் பை, மேலே கொஞ்சம் இடம் விட்டு, தேதி எழுதி.

கூலர் பேக் என்றால் உள்ளே உறைந்த ஐஸ் பேக் இருக்க வேண்டும், பை மட்டும் குளிராது. உறைந்த ஐஸ் பேக்கோடு 24 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். கிண்டியிலிருந்து கூடுவாஞ்சேரி வரை, ரயில் நின்று நின்று போனாலும், கவலையில்லை. காலையில் ஐஸ் பேக்கை அலுவலக ஃப்ரீஸரில் போட்டுவிடுவேன், மாலை கிளம்பும்போது கல் மாதிரி இருக்கும்.

வீட்டில்தான் உண்மையான பஞ்சாயத்து. முதல் நாள் அத்தை பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "திரிஞ்சு போச்சும்மா, மேல தனியா நிக்குது" என்றார்கள். அது கொழுப்பு, தாய்ப்பால் அப்படித்தான் பிரிந்து நிற்கும், லேசாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும். அடுத்தது, "ஒரு கொதி விட்டுக் குடுக்கட்டா?" கொதிக்கவைக்கவும் கூடாது, மைக்ரோவேவும் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். பாலாடை என்கிற மூக்குக் கிண்ணத்தில் புகட்டுகிறார்கள், அந்த வகையில் கழுவ நிப்பிள் ஒன்று குறைவு. குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். அந்தக் கொட்டுவதில் மட்டும் அத்தைக்கு இன்னும் உடன்பாடில்லை.

மின்பம்ப்பை விற்றுவிடலாமே என்று தங்கை கேட்டாள். இவை ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்குச் செய்தவை. என்னதான் கழுவினாலும், மோட்டாருக்குள் என்ன போயிருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. விற்க மனம் வரவில்லை, இன்னொருவர் பயன்படுத்தியதை நானும் வாங்கியிருக்க மாட்டேன். அதனால் அது பரணில் இருக்கிறது. அடுத்த மாதம் மூன்று நாள் பெங்களூரில் பயிற்சி. குழந்தை இல்லாமல் மூன்று நாள் என்றால் ராத்திரியும் எடுக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். அதற்கு மட்டும் பரணிலிருந்து இறக்கப் போகிறேன், பன்னிரண்டு துண்டையும், கழுவும் டப்பாவையும், பிரஷ்ஷையும் சேர்த்து.